வெட்டலாம், கேட்க முடியாது

முருகேசா,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. முட்டி போடச் சொன்னால் போடுகிறேன், பெரியசாமி வாத்தியார் பிரம்பு மட்டும் வேண்டாம். அம்மா உடம்பு தேவலையா? சரி, உன் கட்டுரைக்கு வருகிறேன்.

'சீனர்கள் கணினி விளையாட்டில் லஞ்ச அதிகாரிகளைக் கொன்று ஆத்திரத்தைத் தீர்த்தார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே, அதைச் செய்யச் சொன்னது யாரென்று பார்த்தாயா? 2007-இல் வந்த 'நேர்மை வீரன்' அது. செஜியாங் மாகாணம், நிங்போ நகரம், ஹாய்ஷூ வட்டாரத்தின் கம்யூனிஸ்ட் கட்சி ஒழுங்கு விசாரணைக் குழுவின் ஏற்பாடு! ஆயுதம், மந்திரம், சித்திரவதை எல்லாம் உண்டு. அதிகாரியோடு அவன் பிள்ளையையும் வைப்பாட்டியையும் சேர்த்துத் தீர்க்கலாம். தீர்க்கத் தீர்க்க ஒழுக்க மதிப்பெண் (சிரிக்காதே) ஏறும். கடைசியில் ஊழலற்ற சொர்க்கம். பதிவிறக்கம் ஒரு லட்சத்தைத் தாண்டியதும் மேம்படுத்துகிறோம் என்று இழுத்து மூடினார்கள்.

கோபம் மக்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் யார்மேல் பாயலாம் என்று வாய்க்கால் வெட்டிக் கொடுத்தது மேலிடம். ஊழல் என்றால் ஒரு கெட்ட ஆள். ஆள் செத்தால் ஊழலும் செத்தது. அவனை நாற்காலியில் உட்கார வைத்தது யார் என்ற கேள்விக்கு இடமே இல்லை. 2013-இல் ஷி ஜின்பிங் 'புலியையும் அடிப்போம், ஈயையும் அடிப்போம்' என்றார், அதாவது பெரிய அதிகாரி, சின்ன அதிகாரி யாரையும் விடமாட்டோம் என்று. 2015-இல் கட்சிப் பத்திரிகையான மக்கள் நாளிதழின் இணையதளமே ஒரு விளையாட்டை விட்டது: தலை நீட்டும் அதிகாரியை மின்தடியால் அடிக்க வேண்டும். அதே வாய்க்கால்தான்.

நீ தொட்டிருக்க வேண்டியது 'ஜெங்து' என்ற இணைய விளையாட்டு. ஷி யூஜூ என்ற தொழிலதிபரின் நிறுவனம் 2006-இல் கொண்டுவந்தது. விளையாட இலவசம், வலிமைக்குத்தான் காசு. காசு கொடுத்துச் சாவி வாங்கி, விளையாட்டுக்குள் வரும் புதையல் பெட்டியைத் திறக்கணும். உள்ளே என்ன இருக்குமென்று முன்கூட்டித் தெரியாது. அன்றைக்கு அதிகப் பெட்டி திறந்தவனுக்குத் தனிப் பரிசு. ஒருவன் காசைக் கொட்டினால், அவனிடம் அடி வாங்கியவனும் கொட்டியே ஆகணும். 2007 டிசம்பரில் 'நான்ஃபாங் ஜோமோ' வார இதழ் இதைப் பற்றி நீண்ட கட்டுரை போட்டது. தலைப்பு என்ன தெரியுமா? 'சிஸ்டம்'. சீன விளையாட்டுகளில் அறிவிப்புகள் அந்தப் பெயரில்தான் வரும். அங்கே லஞ்சம் வாங்குவது ஆள் இல்லை, விளையாட்டின் விதிமுறை. அதை எந்தக் கத்தியால் குத்துவாய்?

உன் கட்டுரையின் மூன்றாம் பத்தியை அடித்துவிட்டு இங்கிருந்து ஆரம்பி. மகேந்திரனிடம் மட்டும் காட்டிவிடாதே, ரேஷன் கடைக் கதையை எடுத்துவிடுவான்.

உன்,
சீனு