மறையாத நட்சத்திரமும் கணக்கில் வரும்

ஆசிரியருக்கு,

சிறுகோள் ஒன்று நட்சத்திரத்தை மறைத்ததைப் பற்றி நீங்கள் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். ‘சிறுகோளைக் கண்ட அமெச்சூர் வானியலாளர்கள்’ என்று தலைப்பு. பெரும்பாலும் நாங்கள் சிறுகோளைப் பார்ப்பதே இல்லை. எங்கள் தொலைநோக்கிக்கு எட்டாத அளவுக்கு அது மங்கல். பார்ப்பது நட்சத்திரத்தை. அது சட்டென்று அணையும், சில விநாடிகளில் மறுபடி எரியும். அவ்வளவுதான் காட்சி.

சரி, தலைப்பை விடுங்கள். ‘நட்சத்திரம் மறையாததால் பலர் ஏமாந்தனர்’ என்ற கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நானும் ஒருமுறை அப்படி ஏமாந்தவன். கணிப்பின்படி, நட்சத்திர ஒளியில் சிறுகோளின் நிழல் பூமியில் நகரும் தடமான நிழல் பாதையின் ஓரத்தை ஒட்டி என் மொட்டை மாடி இருந்தது. கண்ணருகு வில்லையில் படிந்த பனியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கைபேசி விநாடிக்கு விநாடி ‘டிக்’ அடிக்க, இன்னொன்று எல்லாவற்றையும் பதிவு செய்தது. நட்சத்திரம் மறைந்தால் ‘போச்சு’, திரும்பினால் ‘வந்தாச்சு’ என்று சொல்ல வேண்டும். கடைசியில் அந்தப் பதிவில் இருந்தது என் மூச்சுச் சத்தமும் ஒரு தும்மலும்தான்.

இதை அனுப்பி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். எனக்குத் தெற்கே நின்ற நண்பருக்கு நாலு விநாடி மறைந்திருக்கிறது. அவர்தான் சத்தம் போட்டார்: “உங்களுக்கு மறையலைன்னு சொன்னாத்தானே நிழல் எங்கே முடியுதுன்னு எங்களுக்குத் தெரியும்?”

விஷயம் இதுதான். நட்சத்திரம் வெகு தொலைவில் இருப்பதால் பூமியில் விழும் நிழல் ஏறக்குறைய சிறுகோளின் அளவே இருக்கும். ஒவ்வொருவரும் குறிக்கும் விநாடிகள் அந்த உருவத்தின் குறுக்கே ஒரு கோடு. நாங்கள் அதை நாண் என்போம். கோடுகளை அடுக்கினால் உருவம் தெரியும். ஆனால் கடைசிக் கோட்டுக்கு அப்பால் இன்னும் எவ்வளவு நீள்கிறது? அதைச் சொல்வது மறையாமல் பார்த்தவரின் பதிவு.

2017 ஜூலையில், இப்போது அரோகோத் எனப்படும், நெப்டியூனுக்கும் அப்பால் உள்ள சிறு பொருளுக்காக அர்ஜென்டினாவில் 24 தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள். ஐந்தில் மட்டும்தான் நட்சத்திரம் மறைந்தது. அந்த ஐந்தையும் மறையாத மற்றவற்றையும் சேர்த்து வைத்துத்தான், இது உருண்டை இல்லை, இரட்டைக் கட்டியாக இருக்கலாம் என்றார்கள். 2019 ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அருகே போய்ப் பார்த்தபோது அப்படியேதான் இருந்தது.

மேகம் மூடுவது வேறு கதை. 2014 மார்ச்சில் எரிகோனி என்ற சிறுகோள் மகம் நட்சத்திரத்தையே மறைத்தது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரம். நியூயார்க் பக்கம் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். வானம் மூடிக்கொண்டது. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. தெளிந்த வானத்தில் மறையாததையும் மேகத்தால் பார்க்க முடியாததையும் தயவுசெய்து ஒரே வரியில் போட்டுக் கலக்காதீர்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு நிகழ்வை முன்கூட்டி அறிவிக்கும்போது, நிழல் பாதைக்குச் சற்று வெளியே இருப்பவர்களும் பார்த்து, நேரத்தோடு எழுதி அனுப்பலாம் என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. தும்மலோடு அனுப்பினாலும் பரவாயில்லை. பிறகு நான் அனுப்பியதை வாங்கிக்கொண்டார்கள்.

இப்படிக்கு,
ஓர் அமெச்சூர் வானியலாளர்