மார்க் யார் போட்டது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆளுமை, உணர்வுசார் நுண்ணறிவு (தன் உணர்வையும் அடுத்தவர் உணர்வையும் புரிந்துகொள்வது), சிந்தனைப் பாணி பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நமக்கு நாமே மார்க் போடுவதையும் நிஜத் திறமையையும் அது ஒன்றாகவே பேசுகிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 22 வருடம் செக்கிங் பார்த்தவன் நான்.

கடைசியாக வேலை செய்த கம்பெனியில் சூப்பர்வைசர் தேர்வுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘அடுத்தவர் மனநிலை எனக்குச் சட்டெனப் புரியும்’ என்கிற மாதிரி வாக்கியங்கள். ஒன்று முதல் ஐந்து வரை நாமே மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். லைனில் கலகலவென்று பேசும் ஒருவர் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டார். செக்கிங் டேபிளில் ஓர் அம்மணி, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று இருப்பவர், இரண்டும் மூன்றுமாகப் போட்டார். யார் சூப்பர்வைசர் ஆனார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த மாதமே ஷிப்மெண்ட் நெருக்கடி. ஓவர்லாக் தையல் மெஷினில் இருந்த ஒடிசாப் பையனின் பீஸ்களில் தையல் விட்டுவிட்டு வந்தது. புது சூப்பர்வைசர் லைனே கேட்கக் கத்தினார். அம்மணி என்னிடம் வந்து, “அண்ணா, ஊசி மாத்திப் பாத்தாச்சுங்க, மெஷின்ல ஒண்ணுமில்லீங்க. தம்பி ரெண்டு நாளா டீக்குக்கூட எந்திரிக்கறதில்லீங்க. ஊர்ல ஏதோ ஆயிருக்கு, கேளுங்க” என்றார். கேட்டோம். அப்பா ஆஸ்பத்திரியில்; லீவு கேட்கப் பயந்திருக்கிறான்.

1990-ல் உளவியலாளர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும் உணர்வுசார் நுண்ணறிவை ஒரு திறமையாகத்தான் எழுதினார்கள். 1995-ல் அதைப் பற்றி டேனியல் கோல்மேனின் புத்தகம் வந்தபிறகு கம்பெனி கம்பெனியாகப் பரவிவிட்டது. நாமே மார்க் போடும் படிவத்தில் கலகலப்பானவர்களும் எளிதில் பதறாதவர்களும் மேலே வருவார்கள். ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டதுதான். முகப்படத்தைக் காட்டி ‘இவர் மனதில் என்ன?’ என்று கேட்கிற சோதனையில் அந்தத் தொடர்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கட்டுரை இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது.

சிந்தனைப் பாணி, அதாவது ஒருவர் எப்படி யோசிக்க விரும்புகிறார் என்கிற விஷயமும் அப்படித்தான். உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பர்க் அதை அரசாங்கத்தோடு ஒப்பிட்டார்: சிலர் சட்டம் போடுவார்கள், சிலர் போட்டதை நிறைவேற்றுவார்கள், சிலர் சீர்தூக்கித் தீர்ப்புச் சொல்வார்கள். அது திறமை இல்லை, விருப்பம் என்பது அவர் கட்சி. நம் அம்மணி மூன்றாவது ரகம். பீஸை உள்ளும் புறமும் திருப்பிப் பார்க்காமல் ஒரு சொல் வராது.

அப்புறம், அந்தப் படிவத்தில் நானும் எனக்கு நாலு போட்டிருந்தேன். பையன் டீக்கு எழாததை அம்மணி சொல்லும்வரை நான் பார்க்கவில்லை.

- ஓய்வுபெற்ற செக்கிங் மாஸ்டர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.