கடலடிக் களிமண்ணில் ஒரு பீசோமீட்டர்

அன்புள்ள நண்பனுக்கு,

ஏரிக்கரையில் நீ பதித்த பீசோமீட்டர்கள், மண்ணுக்குள் உள்ள நீரின் அழுத்தத்தை அளக்கும் அந்தக் கருவிகள், ஒழுங்காக அளவு காட்டுகின்றன என்று படித்து மகிழ்ந்தேன். இங்கே பிரான்சின் நீஸ் நகரக் கடலோரத்தில், விமான நிலைய ஓடுபாதைக்கு எதிரே, 30 மீட்டர் ஆழத்தில் நானும் ஒன்றை இறக்கியிருக்கிறேன்.

அந்த ஆழத்தில் கடல்நீரின் எடையே ஏறத்தாழ 300 கிலோபாஸ்கல் அழுத்தம் தருகிறது. நாங்கள் தேடுவதோ அதற்கு மேல் வண்டலின் துளைநீரில், அதாவது மண்துகள்களுக்கு இடையிலுள்ள நீரில், மிகுந்திருக்கும் சில கிலோபாஸ்கல் மட்டுமே. அதனால் ஒருபுறம் துளைநீரையும் மறுபுறம் கடல்நீரையும் தொட்டு, வேறுபாட்டை மட்டும் அளக்கும் உணரியைப் பொருத்துகிறோம். கருவியின் தண்டைக் களிமண்ணில் குத்தி இறக்குவதே அழுத்தத்தை ஏற்றிவிடுவதால், அது வடியும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். தண்டின் விட்டம் இரு மடங்கானால் காத்திருப்பு நான்கு மடங்காகும். முதல் நாள் அளவை வைத்து முடிவு சொல்வோரை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்ற முறை, நுனியிலுள்ள நுண்துளைக் கல்லில் காற்று தங்கிவிட்டதால், ஓதம் ஏறி இறங்கியதைக்கூடக் கருவி மந்தமாகவே காட்டியது; மூன்று வாரப் பதிவு வீணாயிற்று, தவறு என்னுடையது. இம்முறை கல்லைக் கொதிநீரில் இட்டுக் காற்றை நீக்கி, தொட்டி நீருக்குள்ளேயே ரப்பர் உறையை மாட்டினேன். அப்போதும் கடுகளவு குமிழி ஒன்று என் விரலோரமாக நழுவி மேலேறியது. கல்லைக் கழற்றி மறுபடி கொதிக்க வைத்தேன்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டிருந்தாய். 1979 அக்டோபர் 16 அன்று, இதே விமான நிலையத்தை ஒட்டிக் கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தின் கரை கடலுக்குள் சரிந்தது. பலர் இறந்தார்கள், எழுந்த அலை அருகிலிருந்த கரையோரத்தைத் தாக்கியது, சில மணி நேரத்தில் ஆழ்கடல் கேபிள்களும் அறுந்தன. அதற்கு முன் பல நாள் கனமழை. அருகே கடலில் கலக்கும் வார் ஆற்றுப் படுகையின் மணலிலும் சரளையிலும் ஊறும் நன்னீர் களிமண்ணுக்கு அடியில் கடல்வரை செல்கிறது. அதன் அழுத்தம் ஏறினால் மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும் வலு குறையும். கட்டுமானத்துக்காகக் கொட்டிய மண்ணின் பாரம், களிமண்ணின் மெதுவான நகர்வு ஆகியவற்றோடு இதையும் ஆய்வாளர்கள் காரணமாகக் கருதுகிறார்கள். பிரான்சின் கடலாய்வு நிறுவனமான இஃப்ரெமர் இந்தக் கடலடிச் சரிவில் பீசோமீட்டர்கள் பதித்ததும் இதனால்தான்.

இலையுதிர்கால மழை தொடங்கிவிட்டது. கருவியை மேலே எடுத்ததும் வரைபடத்தை அனுப்புகிறேன். மழைக்கும் உன் கரையின் அழுத்த ஏற்றத்துக்கும் இடையே எத்தனை நாள் செல்கிறது என்று குறித்து அனுப்பு; என் பதிவோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்