சித்தப்பாவின் கொலுசு விளம்பரம் குறித்து மகனுக்கு

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள கண்ணுக்கு,

சித்தப்பாவின் கொலுசுக் கடைக்காக நீ மும்பையிலிருந்து அனுப்பிய விளம்பர வரைவை அவர் நம் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டினார். முழங்கால்வரை சேலை விலகிய ஒரு பெண்ணின் கால், அதில் கொலுசு, அதை நோக்கி நீளும் ஓர் ஆணின் கை, மேலே கடையின் பெயர். பெண்ணின் முகம் படத்தில் இல்லை. சித்தி ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விட்டாள். சித்தப்பாவுக்குப் படம் பிடித்திருக்கிறது. ஆனால் ஐந்து ரோடு சந்திப்பில் இதைப் பெரிய பலகையாக வைத்துவிட்டு ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது என்ற கவலையும் இருக்கிறது. கல்லூரியில் வணிகவியலோடு விளம்பரவியலும் நடத்தியவள் என்பதால் பொறுப்பை என்மேல் போட்டுவிட்டார். கொலுசை விற்கக் காலைக் காட்டாமல் வேறு எதைக் காட்டுவது என்று அவரிடம் நீ கேட்டாயாம். நியாயமான கேள்விதான்.

ஆசையைக் காட்டி விற்பதே தவறு என்று நான் சொல்லப் போவதில்லை. 1911-இல் அமெரிக்காவில் உட்பரி சோப்புக்காக, தொட்டுப் பார்க்க ஆசை எழும் சருமம் என்ற பொருள்பட ஒரு வரியை எழுதியவர் ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்தின் ஹெலன் லான்ஸ்டவுன் என்னும் பெண்மணி. அந்த வரி பெண்களிடமே பேசியது. சோப்பு வேலை செய்யும் இடமும் சருமம்தான். 1991-இல் காமசூத்ரா ஆணுறை விளம்பரம் வந்தபோது நம் நாட்டில் எத்தனையோ பேர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஆணுறையை விற்கிறவன் காமத்தைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பற்றிப் பேசுவான்? இவற்றில் ஆசைக்கும் சரக்குக்கும் நேர்த் தொடர்பு இருக்கிறது. இதற்கு மாறாக, 1995-இல் டஃப் ஷூ விளம்பரத்தில் மிலிந்த் சோமன், மது சப்ரே என்ற இரு மாடல்கள் உடையின்றி, மேலே மலைப்பாம்பு சுற்றியிருக்க நின்றார்கள். அதன்மேல் போடப்பட்ட வழக்கு 14 ஆண்டுகள் இழுத்து 2009-இல் விடுதலையில் முடிந்தது. பாம்பு இன்றும் என் நினைவில் இருக்கிறது. ஷூ என்ன நிறம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்த ஊரில் பிறந்துவிட்டுக் கவர்ச்சிக்குப் பயப்படலாமா, சினிமா சுவரொட்டியில் இல்லாததா என்று சித்தப்பா கேட்கிறார். சுவரொட்டியில் தெரிவதுதான் கொட்டகைக்குள்ளும் கிடைக்கிறது. அங்கே விளம்பரமும் சரக்கும் ஒன்று. கொலுசுக் கடையில் அப்படி இல்லை.

நீ அதிகம் யோசிக்க வேண்டிய இடம், ஆணிடம் பேசும் கவர்ச்சியும் பெண்ணிடம் பேசும் கவர்ச்சியும் வேறு வேறு என்பதுதான். 1983-இல் பிரான்சில் அறிமுகமான ஆக்ஸ் வாசனைத் தெளிப்பானின் விளம்பரங்களை எடுத்துக்கொள். ஓர் இளைஞன் அதை அடித்துக்கொண்ட மாத்திரத்தில் பெண்கள் கூட்டமாக ஓடி வருவார்கள். இதை வாங்கு, பெண் கிடைப்பாள் என்பதே ஆணுக்குச் சொல்லப்படும் செய்தி. பெண்ணிடம் வரும்போது அதே கவர்ச்சி தொனியை மாற்றிக்கொள்கிறது. 1975 முதல் நம் வீடுகளுக்குள் வந்த ஃபேர் அண்ட் லவ்லி களிம்பின் விளம்பரங்கள், நிறம் கூடினால் மாப்பிள்ளை அமைவான், வேலை அமையும் என்று பல்லாண்டுகள் சொல்லிவந்தன. 2020-இல்தான் அந்தப் பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் ‘ஃபேர்’ என்ற சொல் நீங்கியது. ஆணுக்கு ஒரு பரிசு காட்டப்படுகிறது; பெண்ணுக்கோ அவளிடம் உள்ள குறை காட்டப்படுகிறது. ஒன்றில் அவள் பிறருக்குக் கிடைக்கும் பொருள், மற்றொன்றில் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியவள். 2005-இல் ஆண்களுக்கென்று ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் என்ற களிம்பு வந்தபோது சமத்துவம் வந்துவிட்டது என்று என் மாணவர்கள் சிரித்தார்கள். குறையைக் காட்டும் வித்தை ஆணிடமும் பலிக்கும் என்று வணிகர்கள் கண்டுகொண்டார்கள், அவ்வளவுதான்.

திருப்பிப் போட்ட விளம்பரங்களும் உண்டு என்று நீ சொல்வாய். 1994-இல் டயட் கோக் விளம்பரத்தில் அலுவலகப் பெண்கள் நேரம் பார்த்துச் சன்னலருகே கூடி, கட்டட வேலை செய்யும் ஓர் ஆண் சட்டையைக் கழற்றிவிட்டுப் பானம் குடிப்பதை ரசிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும் என்பதை உன்னிடம் மறைப்பானேன். ஆனால் கவனித்துப் பார்த்தால், அந்த ஆணுக்கு ஒரு தொழில் இருக்கிறது. ஓய்வு நேரத்தில்தான் பார்க்கப்படுகிறான். உன் படத்தில் இருக்கும் பெண்ணுக்கு வேலையும் இல்லை, முகமும் இல்லை. விளம்பரப் படங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1970-களிலேயே, ஆண்களின் கை பொருள்களை இறுகப் பிடிப்பதாகவும் பெண்களின் கை அவற்றை வருடுவதாகவுமே படங்கள் அமைகின்றன என்று காட்டினார். உன் வரைவில் பெண்ணுக்கு அந்த வருடும் கைகூட இல்லை.

இவை மானம் சார்ந்த பேச்சு, தொழிலுக்கு உதவாது என்று உன் மேலாளர் நினைக்கக்கூடும். அவருக்காக விற்பனைக் கணக்கையும் சொல்கிறேன். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜான் விர்ட்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 78 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2017-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, கவர்ச்சி விளம்பரங்களை மக்கள் அதிகமாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதில் வந்த பொருளின் பெயர் கூடுதலாக நினைவில் நிற்பதில்லை. அவற்றை ஆண்கள் விரும்புகிறார்கள், பெண்கள் வெறுக்கிறார்கள், வாங்கும் எண்ணமோ கூடுவதில்லை. கண் உடலிலேயே நின்றுவிட்டால் கடையின் பெயருக்கு எப்போது வரும்?

இனி நம் கடை வாசலுக்கு வா. கொலுசு வாங்க வருகிறவர்கள் யார்? பேத்தியின் முதல் கொலுசுக்கு வரும் பாட்டி, கல்யாணச் சீருக்கு வரும் தாய், சம்பளம் வாங்கிய கையோடு தனக்கே வாங்கிக்கொள்ளும் பெண், மனைவியை உடன் அழைத்துக்கொண்டு வரும் கணவன். தனியாக வரும் ஆணை விரல் விட்டு எண்ணிவிடலாம், அவனும் வீட்டுக்குப் பேசி அளவு கேட்டுக்கொண்டுதான் வாங்குவான். அவர்கள் கேட்பது எத்தனை டச் (அதாவது எவ்வளவு சுத்தமான) வெள்ளி, எடை என்ன, செய்கூலி எவ்வளவு, சீக்கிரம் கறுக்குமா, திருகாணி கழன்று விழுமா, பழசைக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்பவைதாம். ஐந்து ரோட்டில் சிக்னலுக்கு நிற்கும் இளைஞனின் கண்ணைப் பிடித்து வைத்திருக்கும் உன் படம், பணத்தைக் கையில் வைத்திருக்கும் பெண்ணை விலக்குகிறது. 2010-இல் ஓல்ட் ஸ்பைஸ் ஆண்களின் குளியல் திரவத்தை விற்கப் பெண்களைப் பார்த்தே பேசியது. ஆணின் சோப்பைக்கூடப் பெண் வாங்குகிறாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெண்கள் எல்லாக் கவர்ச்சியையும் ஒதுக்குகிறார்கள் என்றும் இல்லை. டால், சென்குப்தா, வோஸ் ஆகிய மூவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், காட்சியில் வரும் ஆணும் பெண்ணும் உறவில் உறுதியோடு இருப்பவர்கள் என்று தெரிந்தால் பெண்களின் வெறுப்புக் குறைவதைக் கண்டார்கள். அவர்களே 2014-இல், மலிவான கைக்கடிகாரத்தோடு வந்தபோது பெண்களை முகம் சுளிக்க வைத்த காட்சி, விலை மிகுந்த கடிகாரத்தோடு வந்தபோது அவ்வளவு உறுத்தவில்லை என்றும் காட்டினார்கள். தினமும் அணியும் வெள்ளிக் கொலுசு எந்தப் பக்கம் சேரும் என்று உனக்கே தெரியும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: பெண்களை இழிவாகச் சித்தரிப்பதைத் தடை செய்யும் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் விளம்பரங்களைத் தனியாகவே குறிப்பிடுகிறது. உன் படம் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் 2022-இல் லேயர் ஷாட் வாசனைத் தெளிப்பான் விளம்பரம், கூட்டாக ஒரு பெண்ணை மிரட்டுவதை வேடிக்கையாக்கியதால், தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே தலையிட்டு இணையத்திலிருந்து நீக்கச் சொன்னது. அதையும் ஓர் அறையில் படித்தவர்கள் சிலர் பார்த்து, சரி என்று சொல்லித்தானே அனுப்பியிருப்பார்கள்!

உன் படத்தை முழுவதும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கால் இருக்கட்டும், ஆணின் கையும் இருக்கட்டும். அந்தக் கை திருகாணியைத் திருகிக்கொண்டிருக்கட்டும். சின்னத் திருகு, குனிந்து தானே போட்டுக்கொள்வது சிரமம் என்று கொலுசு அணிந்த எல்லாருக்கும் தெரியும். அதைப் போட்டுவிடும் கணவனிடம் வேண்டிய நெருக்கம் தானாகவே இருக்கிறது, கடைக்காரர் காட்ட விரும்பும் பூட்டும் நடுவில் தெரிகிறது. பெண்ணுக்கு முகம் கொடு. அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கைப்பையோடு படியில் உட்கார்ந்திருக்கட்டும். அவசரம் பொறுக்காமல் அவனைப் பார்த்து அவள் சிரிப்பதும் கவர்ச்சிதான். சேலை கணுக்காலுக்குச் சற்று மேலே நின்றால் போதும், கொலுசு அங்கேதான் இருக்கிறது. ஏற்காட்டில் லேடீஸ் சீட் அருகே எடுக்கலாம் என்று சித்தப்பா ஆசைப்படுகிறார்; பனி இறங்கினால் கொலுசே தெரியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். சிவதாபுரத்தில் நம் பட்டறைக்காரர் வீட்டுத் திண்ணை நன்றாக இருக்கும், கேட்டால் மறுக்க மாட்டார்.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ஊரே திரளும். அதற்கு முன் பலகை ஏற வேண்டும் என்பது சித்தப்பாவின் எண்ணம். புதிய வரைவை அவருக்கு அனுப்பும்போது சித்திக்கும் ஒரு படி அனுப்பு. கல்லாவில் உட்கார்ந்து பெண்களிடம் பேசி விற்கிறவள் அவள்தான். படத்தின் அடியில் டச், எடை, பழைய வெள்ளிக்குக் கொடுக்கும் விலை ஆகியவற்றைப் படிக்கிற அளவில் அச்சிட இடம் விட்டுவை.

அன்புடன்,
அம்மா