செயலாளரின் ஆண்டறிக்கை 2025: வெளிநாட்டு ஆய்வுப் பணிக்கான வழிகாட்டல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். வழிகாட்டல் பிரிவின் பணிகளை இங்கே வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார்.

இவ்வாண்டு உழைப்பில் பெரும்பங்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) நல்கைக்கே சென்றது. செப்டம்பர் 10-இல் முடிந்த அழைப்புக்கு 17,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. கருத்துருவின் மையப்பகுதி 10 பக்கம்தான். மிஞ்சிய பக்கங்கள் மதிப்பீட்டாளர் கண்ணில் படாது. மதிப்பெண்ணில் ஆய்வுத் தரத்துக்கு 50 விழுக்காடு, தாக்கத்துக்கு 30, செயல்படுத்தலுக்கு 20. நம் பிள்ளைகள் சறுக்குவது தாக்கத்தில்தான். "சமூகத்துக்குப் பயன்படும்" என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். யாருக்கு, எப்போது, எந்த வழியில் என்று வேற்றுத்துறை வழிகாட்டி கேட்கும்போதுதான் அந்தப் பகுதி உருப்பெறுகிறது. எனவே ஒருவருக்கு, வேற்றுத்துறையாளர் உட்பட, இரண்டு வழிகாட்டிகள் என்பதையே தொடர்வோம்.

இந்த நல்கையின் தகுதி விதிகளை முதல் சந்திப்பிலேயே பார்த்துவிட வேண்டும். கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், போகவிருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்தும் பட்டம் கைக்கு வராதவர்கள் தகுதியில்லை என்றெண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். 2025 விதிப்படி அந்த வாய்மொழித் தேர்வை வெற்றிகரமாக முடித்திருந்தாலே போதும். நல்ல விண்ணப்பங்கள் இப்படி எழுதப்படாமலே போவது மனதை வருத்துகிறது. ஜெர்மனியின் ஹும்போல்ட் நல்கைக்குக் கடைசி நாளே கிடையாது. ஆனால் முனைவர் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகளுக்குள் போஸ்ட்டாக் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு, அங்கே நம்மை ஆய்வுக்கு ஏற்கும் பேராசிரியரின் விரிவான கடிதம் தேவை.

அந்தப் பேராசிரியருக்கு எழுதும் முதல் மடலில்தான் பலர் தோற்கிறார்கள். "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஐம்பது பேருக்கு ஒரே மடலை அனுப்பினால் ஒருவரும் பதில் எழுதமாட்டார். 200 சொற்களுக்குள், அவருடைய ஒரு கட்டுரையைக் குறிப்பிட்டு, அதிலிருந்து எழும் உங்கள் கேள்வியைச் சொல்லி, இரண்டு பக்கத் தன்விவரத்தை இணையுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை மட்டும் நினைவூட்டுங்கள்.

பரிந்துரைக் கடிதம் அடுத்த சிக்கல். "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று நெறியாளர்கள் சொல்வது வழக்கமாகிவிட்டது. மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குப் புரிந்துவிடும். ஆறு வாரம் முன்னதாகவே, மாணவர் செய்த வேலைகளின் குறிப்பை நெறியாளரிடம் கொடுத்துவிட்டால், அவரே எழுத வாய்ப்புண்டு.

அமெரிக்கா செல்வோருக்கு ஒரு செய்தி: ஆய்வாளர் போன்றோர் பரிமாற்றத் திட்டத்தில் செல்லும் ஜே-1 விசாவுக்கு, தாயகத்துக்குத் தேவையான திறன்களை நாடுவாரியாகக் குறிக்கும் 'திறன் பட்டியல்' ஒன்று உண்டு; அதிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டது. அந்தப் பட்டியலால் வந்த இரண்டாண்டுத் தாயகம் திரும்பும் கட்டாயம் இனி இல்லை. அரசு நிதியில் செல்வோருக்கு அது தொடர்கிறது.

வழிகாட்டிகளிடமும் ஒரு குறை உண்டு. சிலர் அன்பு மிகுதியில் கருத்துருவைத் தாங்களே எழுதிக்கொடுக்கிறார்கள். பிறகு ஏற்கும் பேராசிரியர் காணொளியில் கேள்வி கேட்டால் மாணவர் திணறுகிறார். பிழையைச் சுட்டுங்கள், எழுதுவது மாணவராகவே இருக்கட்டும்.

வரும் ஆண்டில் பணியை ஜனவரியிலேயே தொடங்க முன்மொழிகிறேன். வரலாறு, மொழியியல் துறைகளுக்கு வழிகாட்டிகள் போதவில்லை. வெளிநாட்டில் பணிபுரியும் உறுப்பினர்கள் மாதம் 45 நிமிடம் ஒதுக்க முன்வந்து, இந்தக் கூட்டத்திலேயே பெயர் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்