இரண்டாவது முறை ஏறியதற்கு நன்றி சொல்லி ஒரு மடல்

கடலூர் தாழங்குடா மக்களுக்கும், தேவனாம்பட்டினம், மஞ்சக்குப்பம், முதுநகர் நண்பர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசி கால்பந்து மேட்ச்சில் நம் தாழங்குடாப் பிள்ளைகள் 1-1 என்று டிரா செய்தார்கள். அந்த ஒரு பாயிண்ட் போதும், மேல் டிவிஷன் உறுதி என்பது என்னைத் தவிர மைதானத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, இன்னொரு கோல் வேண்டும் என்று தொண்டை கட்டும் வரை கத்திக்கொண்டிருந்தேன். விசில் ஊதியதும் பையன்கள் ஓடி வந்து தூக்கினார்கள். எதற்குத் தூக்குகிறார்கள் என்று புரியவே அரை நிமிடம் ஆனது. கூட்டல் தெரியாத மாஸ்டரை வைத்துக்கொண்டு ஒரு அணி மேலே ஏறியிருக்கிறது என்றால், உழைத்தவர்கள் வேறு யாரோ. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் ஒரு தம்பி, "மாஸ்டர், நம்ம ஊரு நீல் வார்னாக் நீங்கதான்" என்றான். முன்பு முதுநகர் பையன்களோடு ஒரு தடவை, இப்போது தாழங்குடாவோடு ஒரு தடவை, ஆக இரண்டு அணிகளை ஏற்றியாயிற்றாம். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வார்னாக் யார் என்று தெரியாதவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் பிறந்த கால்பந்து மேனேஜர். எட்டு முறை தன் அணிகளை அடுத்த டிவிஷனுக்கு ஏற்றியவர். அங்கே வேறு எந்த மேனேஜரும் அதைத் தாண்டவில்லை. 1987-ல் ஸ்கார்பரோவை ஏற்றியதில் தொடங்கி, 2018-ல் கார்டிஃப் சிட்டியைப் பிரீமியர் லீக்குக்குக் கொண்டுபோனது வரை 31 வருடம், ஏழு கிளப். கார்டிஃப் ஏறியபோது மனிதருக்கு வயது 69. முதல் டிவிஷன் பட்டம் ஒன்றுகூட அவர் வாங்கியதில்லை. அதனால் பெரிய மேனேஜர்கள் பட்டியலில் அவர் பெயரை யாரும் சேர்ப்பதில்லை. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. இருக்கிற பணத்தை வைத்து, இருக்கிற பிள்ளைகளை வைத்து ஒரு படி ஏற்றுவது தனித் தொழில்.

அந்த 1987-ஐப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முன்பெல்லாம் கீழே முதலிடம் பிடித்தாலும் ஃபுட்பால் லீக்குக்குள், அதாவது இங்கிலாந்தின் மேல் நான்கு டிவிஷன்களுக்குள், தானாக நுழைய முடியாது. உள்ளே இருக்கிற கிளப்புகள் ஓட்டுப் போட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஏறிக்கொள்ளட்டுமா என்று கேட்கிற கதைதான். விதி மாறிய முதல் வருடமே ஆடி ஜெயித்து ஏறிய அணி வார்னாக்கின் ஸ்கார்பரோ. நம் ஞாயிற்றுக்கிழமை லீக்கை இரண்டாகப் பிரித்தபோதும், "மேல் டிவிஷனுக்கு யாரைக் கூப்பிடுவது என்று நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்ன பெரியவர்கள் இருந்தார்கள். மேலே கடைசி இரண்டு இறங்கும், கீழே முதல் இரண்டு ஏறும், அவ்வளவுதான் என்று ஒற்றைக்காலில் நின்ற கமிட்டி அண்ணன்களுக்கு முதல் நன்றி.

அடுத்தது ஐஸ். வார்னாக் கால் வைத்தியம் படித்துத் தேர்ந்தவர். எனக்குத் தெரிந்த ஒரே கால் வைத்தியம் ஐஸ் ஒத்தடம். சீசன் முழுக்க நம் பையன்களுக்குக் கணுக்கால் பிசகாத வாரம் கிடையாது. துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்ததும் உடைந்த ஐஸை ஒரு தெர்மாகோல் பெட்டியில் அள்ளி வைத்துவிடுவார் மீன்கார அக்கா. காசு கேட்டதில்லை. ஒருநாள் நான் நூறு ரூபாயை நீட்டியதற்கு, "போய் கோல் போடச் சொல்லுங்க சார்" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த ஐஸில் சங்கரா மீன் வாசம் அடிக்கும். எதிரணி டிஃபெண்டர்கள் நம் சென்டர் ஃபார்வர்டின் பக்கத்தில் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

மைதானம் என்று ஒன்று இருப்பதே உங்களால்தான். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் கடந்த கையோடு பெண்ணையாற்றில் வந்த வெள்ளம் நாம் ஆடும் இடத்தில் முழங்கால் அளவு வண்டலை விட்டுப் போனது. ஒரு கோல் போஸ்ட் போன இடம் தெரியவில்லை. அவரவர் வீட்டில் சேறு தள்ளிக்கொண்டிருந்த நேரம் அது. மைதானத்தைப் பற்றிப் பேசவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பொங்கல் முடிந்த வாரம் நானாகக் கூப்பிடாமலேயே மண்வெட்டியோடு முப்பது பேர் வந்து நின்றீர்கள். டிராக்டர் கொண்டுவந்த அண்ணன் டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். முதுநகர் வெல்டிங் பட்டறைக்காரர் பழைய பைப்பில் போஸ்ட் அடித்துக் கொடுத்தார். இடது போஸ்ட் கொஞ்சம் சாய்ந்திருப்பது உண்மை. அதில் பட்டு உள்ளே போன இரண்டு கோலும் நம்முடையவை என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம், புதன்கிழமைகளில் நம் பையன்களோடு பயிற்சி மேட்ச் ஆட வந்த பெண்கள் அணி. இந்தியப் பெண்கள் அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் பிறந்த ஊர் நம் கடலூர், ஆச்சரியப்பட ஒன்றுமில்லைதான். இருந்தாலும் முதல் மேட்ச்சில் 4-1 என்று தோற்றபோது நம் ஆட்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நின்றால் பறிபோகும் என்பதை நான் ஆறு மாதமாகச் சொல்லியும் ஏறவில்லை. அந்தப் பிள்ளைகள் ஒரே சாயங்காலத்தில் ஏற்றிவிட்டார்கள். நன்றி, கண்ணுங்களா.

ஜெர்சி தருகிறேன் என்று சொன்ன ஒருவர் கடைசி வரை போனை எடுக்கவில்லை. பெயர் வேண்டாம். நீல பனியன் வாங்கி நம்பர் தைத்துக் கொடுத்த தையல்கார அம்மாவுக்கும், பையன்களின் ஸ்டட்ஸ் ஷூக்களைத் தைத்துத் தைத்தே ஓய்ந்த பஸ் ஸ்டாண்டு செருப்புக்கடைப் பெரியவருக்கும் நன்றி.

முதுநகர் பையன்களுக்குச் சொல்லத்தான் எனக்குத் தயக்கம். வார்னாக் 1995-ல் ஹடர்ஸ்ஃபீல்டை ஏற்றிவிட்டு உடனே கிளம்பினார், அடுத்த வருடமே பிளிமத்தை ஏற்றினார். நானும் உங்களை ஏற்றிவிட்டுக் கிளம்பினேன். ஆனால் போன விதம் சரியில்லை. ஒரு கோல் கீப்பர் விஷயத்தில் வீம்பு பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டேன். அன்றைய கேப்டன் ஞாயிற்றுக்கிழமை மகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கைதட்டியதைப் பார்த்தேன். அந்தக் கூச்சலில் கிட்டே வந்து பேச முடியவில்லை. தம்பி, நன்றி. வீட்டுக்கு வருகிறேன்.

அடுத்த சீசன் கஷ்டம்தான். வார்னாக்கின் ஷெஃபீல்டு யுனைடெட் 2006-ல் ஏறி 2007-லேயே இறங்கியது. விகன் அணியும் அவர்களும் ஆளுக்கு 38 பாயிண்ட், கோல் வித்தியாசத்தில் போனது. அதனால் இனிமேல் பாயிண்ட் கணக்கையும் கோல் கணக்கையும் நான் போடப்போவதில்லை. அதை ஸ்கோர் எழுதும் டீச்சரம்மா பார்த்துக்கொள்வார்.

வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்குப் பயிற்சி. கொண்டாட்டத்தில் பந்துக்குக் காற்றடிக்கும் பம்பை யாரோ எடுத்துப் போய்விட்டீர்கள். அன்றைக்கு வரும்போது கொண்டுவந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாஸ்டர்