பலகை வண்டிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருக்காரர்கள், ஆசாரி ஐயா, சக்கரம் கொடுத்த எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைக்காரர் எல்லோருக்கும் வணக்கம்.

என் மரவேலைக்கான பலகைகளை அடுக்கிவைக்கச் செய்த சக்கர வண்டி, கீழ்வீட்டு அறையில் நிற்கும் அந்தப் பலகை வண்டியைப் பலர் வந்து பார்த்துவிட்டீர்கள். "தனியாகவா செய்தீர்கள்?" என்று கேட்டவர்களுக்கு எழுத்திலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லவே இல்லை.

முதல் நன்றி ஆசாரி ஐயாவுக்கு. பத்துக்கு எட்டு அறை. சுவரில் இரும்புத் தாங்கி அடித்துப் பலகைகளை அடுக்கலாம் என்றிருந்தேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வாடகை வீட்டுச் சுவரில் இவ்வளவு பாரம் எதுக்கு தம்பி? சக்கரத்துல ஏத்து. பெருக்கணும்னா தள்ளிக்கலாம், பின்னாடி கரையான் வந்தாலும் கண்ணுல படும்" என்றார். ஒரு பக்கம் பிளைவுட் ஷீட்டுகளை நிறுத்த ஒடுக்கமான சந்து, மறுபக்கம் நீளப் பலகைகளுக்குத் தட்டுகள், முனையில் துண்டுக்கட்டைகளுக்கு ஒரு பெட்டி. தட்டுகளை உள்பக்கமாக லேசாகச் சரிக்கச் சொன்னதும் அவர்தான். தள்ளும்போது பலகை வழுக்கி வெளியே வராது. தேக்கும் சில்வர் ஓக்கும் அடித்தட்டில், பைன் மேலே. "தலைக்கனம் வண்டிக்கும் ஆகாது" என்று சிரித்தார்.

அடிச்சட்டம் சேர்த்த அன்றுதான் அவர் கைவேலையைப் பார்த்தேன். மூலைமட்டத்தை ஓரம் வைத்துவிட்டு ஒரு நூலை எடுத்தார். மூலைக்கு மூலை இழுத்து, அளவு முடிந்த இடத்தை நகத்தால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, அதே நூலை எதிர் மூலைகளுக்கு மாற்றினார். அரை அங்குலம் மிச்சம். மரச்சுத்தியால் ஒரு தட்டு, மறுபடி நூல், இன்னொரு தட்டு. இரண்டு குறுக்களவும் சமமாகி, சட்டம் கோணலில்லை என்று தெரிந்த பிறகுதான் என்னைப் போல்ட் முடுக்க விட்டார். என்னிடம் இருக்கும் லேசர் கருவியை அன்று வெளியே எடுக்கவே இல்லை!

அடுத்தது கடைக்காரர். இணையத்தில் வாங்கிய சக்கரங்களில் பிரேக் பிடிக்கவில்லை, திருப்பி அனுப்பினேன். அப்புறம்தான் எஸ்.ஜே.பி. ரோடு. எவ்வளவு பாரம் என்று கேட்டார். வண்டியும் மரமுமாக 300 கிலோ என்றேன். கன்னடமும் தமிழும் கலந்து கணக்குச் சொன்னார்: சக்கரம் நான்கு என்பதற்காகப் பாரத்தை நான்கால் வகுக்கக் கூடாது, மூன்றால் வகுக்க வேண்டும்; தரை மேடுபள்ளமாக இருந்தால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். ஆக, சக்கரத்துக்கு 100 கிலோவாவது தாங்க வேண்டும். விலை கூடிய ரப்பர் சக்கரத்தை அவரே வேண்டாம் என்றார். ஒரே இடத்தில் பாரத்தோடு நின்றால் அது தட்டையாகிவிடுமாம். வாங்கியது பாலியூரித்தேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் சக்கரம், 4 அங்குலம், நான்கும் சுழல்பவை, நான்கிலும் பிரேக். வாசற்படியை ஒட்டி வண்டி பக்கவாட்டில் நகர்வது இதனால்தான்.

மைசூர் ரோட்டு மரக்கடையிலிருந்து டெம்போ வந்தபோது நல்ல மழை. எட்டுக்கு நாலு, 18 மி.மீ. ஷீட் ஒன்றே சுமார் 30 கிலோ இருக்கும். கூப்பிடாமலேயே ஓடிவந்து இறக்கிய எதிர்வீட்டுத் தம்பிகளுக்கும், தன் ஸ்கூட்டரை நனையவிட்டுப் போர்ட்டிகோவைக் கொடுத்த மாடிவீட்டு அக்காவுக்கும் நன்றி. அக்கா, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் மெஷின் ஓடாது.

துண்டுக்கட்டைப் பெட்டி அதற்குள் நிரம்பிவிட்டது. பிள்ளைகளின் பள்ளி வேலைக்கோ, ஆடும் மேசைக்கு அடியில் வைக்கவோ வேண்டுமென்றால் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளுங்கள். தேக்குத் துண்டுகளை மட்டும் விட்டுவையுங்கள், அவை ஆசாரி ஐயாவுக்கு.

அன்புடன்,
கீழ்வீட்டுக்காரன்